கிராணி பிரித்த கடிதம்

அப்போது மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். இசைக் கல்வியில் முதுகலை படிக்க மெட்ராஸுக்கு விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தேன். எங்கள் தபால் எல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும்.

பொறுக்க முடியாமல், பிரிஞ்சாங்கிலிருந்த அண்ணன் வீட்டு முகவரியைக் கொடுத்து மறுபடி எழுதினேன். வந்த பதிலில், முன்பே இடம் கொடுத்ததாகவும், நான் பதில் போடாததால் அது வேறொருவருக்குப் போய்விட்டதாகவும் எழுதியிருந்தார்கள்.

ஆபீசுக்கு ஓடினேன். தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி மேசைக்குள்ளிருந்து, பிரித்த உறையை எடுத்து நீட்டினார்.

"டீச்சரம்மா, நீங்க போயிட்டா பிள்ளைங்களுக்கு யாரு பாட்டு சொல்லித் தர்றது? பொம்பளைக்கு இந்தப் படிப்பு போதும்லா" என்று சிரித்தார்.

உறையை வாங்கிக்கொண்டு திரும்பினேன். அந்த வருடத் தீபாவளி விழாவில், தோட்ட மேலாளரான துரை முன்வரிசையில் இருக்க, கிராணி பாட வந்தார். ஆர்மோனியம் என் கையில். அவர் குரலுக்கு எட்டாத உயரத்தில் வேண்டுமென்றே சுதி பிடித்தேன்.

"சுதியக் குறைங்கம்மா" என்று மெல்லக் கெஞ்சினார்.

"உங்களுக்கு இது போதும்லா, கிராணி ஐயா" என்றேன்.

இரண்டாவது வரியில் குரல் கீச்சென்று உடைந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். துரையும் சிரித்தார். என் நெஞ்சு குளிர்ந்தது. அதற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை.

மறு வருடம் மீண்டும் இடம் கிடைத்து, படித்துத் திரும்பினேன். இப்போது என் மாணவிகள் மேற்படிப்புக்கு எழுதினால் தோட்ட முகவரியைப் போட விடுவதில்லை. தானா ராத்தா தபால் நிலையத்தில் ஒரு பெட்டி எடுத்திருக்கிறேன். வரும் கடிதத்தை அன்றே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். யார் பெயருக்கு வந்ததோ, அவள்தான் உறையைப் பிரிக்கிறாள்.