கிட்டார் தந்தியும் வாளை மீனும்

சிவாஜிநகர்க் கடையில் தூண்டில் சாமான் வாங்கும்போது, முள்ளுக்கு மேல் கட்ட நைலானா, கம்பியா என்று கடைக்காரர் கேட்டார். சிறுவயது ஞாயிறுகள் நினைவுக்கு வந்தன. வாராவாரம் ஏரியில் வாளை மீன் அப்பாவின் நைலான் நரம்பைக் கடித்து அறுத்துவிட்டுப் போகும். சட்டையெல்லாம் பாசி வாடையுடன் அவர் வாடிய முகமாகத் திரும்புவார்.

ஒரு சனிக்கிழமை அக்கா தன் கிட்டாரிலிருந்து ஒரு தந்தியைக் கழற்றி நீட்டினாள்.

"இதைக் கட்டிப் பாருங்கப்பா. இதை அதால கடிக்க முடியாது."

"திங்கக்கிழமை காலேஜ்ல வாசிக்கணும்னியேம்மா?"

"மிச்சம் அஞ்சு இருக்கில்ல, சமாளிச்சுக்கறேன்."

மறுநாள் வாளை சிக்கியது. குழம்பு கொதித்ததும் அப்பா பெருமையோடு நடுத்துண்டை எடுத்து அக்காவின் தட்டில் வைத்தார். அவளுக்கு மீனே பிடிக்காது என்பது அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு மறந்துபோயிருந்தது. அக்கா முழுவதையும் சாப்பிட்டாள்.