ஓடும் மூடிகளைப் படம் பிடித்தவள்

என் தங்கை ஒன்பது வருடமாக பாட்டில் மூடித் தொழிற்சாலையில் மூடி பார்க்கிறாள். ஓடும் பெல்ட்டின் ஓரம் உட்கார்ந்து, நசுங்கியதைக் கண்டு கையால் பொறுக்க வேண்டும். அந்தப் பெல்ட்டை ஓட்டுகிறவன் நான். நான் எட்டாவதோடு நின்றவன். அவள் பன்னிரண்டு முடித்து, மீதியைத் தானாகவே படித்துக்கொண்டாள்.

சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாள். கட்டைவிரல் நகம் அளவுள்ள கேமராவை, நாடா போன்ற வயரால் அதில் சொருகினாள். சமையலறை மேசையில் மூடிகளை ஒவ்வொன்றாகக் கையால் தள்ளிப் பார்த்தோம். நசுங்கியது வந்தால் சிவப்பு விளக்கு எரியும். இருநூறு மூடியில் ஒரு தப்புகூட இல்லை. எண்ணியவன் நான்.

ஓடும் பெல்ட்டில் வைத்துக் காட்ட ஃபோர்மேன் அரை மணி நேரம் கொடுத்தார். "வேலை செஞ்சா உன்னை மெயின்டனன்ஸுக்கு எடுத்துக்கறேன். இல்லன்னா அந்த இடத்துக்கு நாளைக்கே வெளியாளைப் போட்டுடுவேன்."

பெல்ட்டைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அணையவே இல்லை. கம்ப்யூட்டரோடு இணைத்த திரையில் நல்ல மூடிகூட முட்டை மாதிரி கோணலாகத்தான் தெரிந்தது.

"ஏம்மா, உன் கேமராவுக்கு எல்லாமே முட்டைதானா?" என்றார் ஃபோர்மேன்.

வெளிச்சம் போதவில்லையோ என்று ஒரு விளக்கைக் கிட்டத்தில் பிடித்தேன். கலங்கல் போய், கோணல் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"அது இல்லண்ணா. இது படத்தை ஒரே அடியா எடுக்காது. மேலேருந்து கீழ வரி வரியா படிக்கும். கடைசி வரிக்கு வர்றதுக்குள்ள மூடி நகர்ந்துடுது."

"நிமித்த முடியாதா?"

"ஒரே அளவா சாய்ஞ்சா கணக்குப் போட்டு நிமித்திடலாம்." கொஞ்சம் தயங்கினாள். "பெல்ட்டு ஒரு நேரம் இழுக்குது, ஒரு நேரம் விடுது."

என் பெல்ட். நிறுத்தி, உருளைகளைத் துடைத்தேன். இறுக்கம் பார்த்தேன், எண்ணெய் விட்டேன். மறுபடி போட்டதும் அப்படியேதான் குலுங்கியது. தேய்ந்துபோன பற்சக்கரத்தை அரை மணியில் என்ன செய்ய?

"கொஞ்சம் மெதுவா ஓட்டேன்ணா."

வேகம் வைக்கும் பெட்டி பூட்டியிருந்தது. சாவி ஃபோர்மேனிடம். அவரைப் பார்த்தேன்.

"உன் தங்கச்சிக்காக மூடியெல்லாம் நின்னு போஸ் கொடுக்கணுமா? லோடு போகணும்ப்பா," என்று கிளம்பிவிட்டார்.

பெல்ட்டை நிறுத்தினேன். அவள் நாடாவை மெல்லக் கழற்றி, கேமராவைக் கைக்குட்டையில் சுற்றி வைத்தாள். தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போடுண்ணா, நேரமாச்சு."

போட்டேன்.