பூர்ணா நிரப்பிய வட்டங்கள்

மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பிளஸ் டூ பிள்ளைகளைத் தயார் செய்யும் ஒரு ஜூனியர் காலேஜில் ஹம்சா தாவரவியல் எடுத்தாள். செகந்திராபாத்தில் வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் அவளுடையது. தாவரவியல் என்றால் அவளுக்குச் சிறுவயதிலிருந்தே உயிர். ஆனால் காலேஜில் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வேறொன்று. கேள்வியை முழுதாகப் படிக்க விடமாட்டாள்.

"மொதல்ல ஆப்ஷன் நாலையும் பாருங்க. ரெண்டு கண்டிப்பா தப்பா இருக்கும், தள்ளிடுங்க. மிச்ச ரெண்டுல சந்தேகமா? விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க."

சொன்னபடி செய்த பிள்ளைகளுக்கு மார்க் வந்தது. அவளுக்கும் வருஷா வருஷம் முதல் செக்‌ஷனே கிடைத்தது.

அந்தச் செக்‌ஷனில்தான் பூர்ணா இருந்தாள். அப்பா தேவராஜுக்கு நாச்சாரத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வீட்டில் தமிழ் பேசினால் புரிந்துகொண்டு தெலுங்கில் பதில் சொல்கிற பெண். கெட்டிக்காரிதான், ஆனால் தெரியாததை விட்டு நகர அவளால் முடியாது. ஒருநாள் எழுந்து நின்று கேட்டாள்: வெயில் தாங்காமல் இலை தன் துளைகளை மூடிக்கொண்டால், அந்த நேரத்தில் அதற்குப் பசிக்காதா?

ஹம்சாவுக்கு உடம்பு சிலிர்த்தது. உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேச வேண்டிய கேள்வி அது. பாடம் பாக்கி இருந்தது. "அப்படியெல்லாம் கேக்கமாட்டாங்க, பூர்ணா. உட்காரு" என்றாள்.

ஞாயிறுதோறும் டெஸ்ட். திங்களன்று மார்க்கைப் பார்த்துச் செக்‌ஷனை மாற்றுவார்கள். பூர்ணா ஏதாவது ஒரு கேள்வியிலேயே நின்றுவிடுவாள். பின்னால் உள்ளவை வெறுமையாகக் கிடக்கும். மழைக்காலம் முடிவதற்குள் கீழ்த்தளத்துக் கடைசிச் செக்‌ஷனுக்குப் போய்விட்டாள்.

போனவள் மறுவாரமே மேலே வந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஹம்சா கவனிக்காமல் வருகைப் பதிவை வாசித்து முடித்தாள். கடைசிப் பேருக்குப் பிறகு தெலுங்கில் ஒரு குரல் கேட்டது.

"மேடம், என் பேர் கூப்பிடலையே."

வகுப்பு சிரித்தது. ஹம்சா அவளைக் கைபிடித்துக் கீழே கூட்டிப் போய் விட்டுவந்தாள். "அடுத்த டெஸ்ட்ல மேல வந்துடலாம்மா" என்று வழியில் சொன்னாள். பூர்ணா தலையாட்டினாள். ஆனால் அடுத்த வாரமும் வந்து உட்கார்ந்தாள். இந்தமுறை பிரின்சிபால் பக்தவத்சலம் வாசலிலேயே நின்றிருந்தார். ஹம்சா எழுந்துகூடப் போகவில்லை. "கெளம்பு பூர்ணா" என்றாள், கொஞ்சம் சத்தமாகவே.

அதற்குப் பிறகு அந்தப் பெண் காலேஜுக்கே வரவில்லை.

ஆனால் கடைசிப் பேரை வாசித்ததும் ஹம்சாவுக்கு அந்தக் குரல் கேட்கும். முதலில் யாரோ கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தால் பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். அவள் மட்டும் பதிவேட்டைப் பிடித்தபடி காத்திருப்பாள். "மேடம், அயிபோயிந்தி" என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது, முடிந்துவிட்டது என்று.

பொறுக்கமாட்டாமல் ஒரு ஞாயிறு மத்தியானம் நாச்சாரம் போனாள். தேவராஜ் கதவைத் திறந்தார்.

"உள்ள வாங்க மேடம். சாப்பிடுறா, தூங்குறா. பேச்சுதான் இல்ல. எது கேட்டாலும் நக்கோங்குறா, வேணாமாம்."

பூர்ணா தரையில் தெலுங்குச் செய்தித்தாளை விரித்து ஏதோ எழுதுவதுபோல் இருந்தது. ஹம்சா பக்கத்தில் குந்தினாள். பூர்ணா எழுதவில்லை. தெலுங்கு எழுத்தின் ஒவ்வொரு சுழிக்குள்ளும் பேனாவை வைத்து, கோட்டைத் தாண்டாமல் கறுப்பாக நிரப்பிக்கொண்டிருந்தாள், விடைத்தாளில் வட்டம் நிரப்பச் சொல்லிக்கொடுத்த அதே நேர்த்தியோடு. கல்யாண விளம்பரம், சினிமா, இரங்கல் செய்தி, எதையும் விடவில்லை. மூலையில் அப்படிப்பட்ட பேப்பர்கள் இடுப்பளவு கிடந்தன.

"பழைய பேப்பர்க்காரன்கூட எடுக்கமாட்டேங்குறான். பாத்தா பயமா இருக்காம்" என்றாள் பூர்ணாவின் அம்மா கனகம்.

மறுநாள் ஹம்சா பிரின்சிபாலிடம் லேப் சாவி கேட்டாள். இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் மட்டும் திறக்கிற அறை அது. மைக்ராஸ்கோப் ஒன்றைப் பையில் வைத்து எடுத்துப்போனாள். பூர்ணா வீட்டுத் தொட்டிச் செடியில் ஓர் இலையைக் கிள்ளி, அடித்தோலை உரித்துக் கண்ணாடியில் வைத்தாள்.

"நீ கேட்டியே, இலைக்குப் பசிக்காதான்னு. பாரு, இதுதான் அதோட வாய்."

பூர்ணா கண்ணை வைத்தாள். நெடுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை. கனகம் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஹம்சா இன்னும் கிட்டே நகர்ந்தாள். இதோ ஏதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தாள்.

பூர்ணா நிமிர்ந்தாள். "ஆப்ஷன்ஸ் ஏவி, மேடம்?" என்றாள்.

ஆப்ஷன்கள் எங்கே என்று கேட்கிறாள்.

மனநல டாக்டரிடம் போக தேவராஜ் முதலில் தயங்கினார். அக்கம்பக்கத்தில் பைத்தியம் என்று பேர் வைத்துவிடுவார்கள் என்றார். ஹம்சாவே லீவு போட்டுக் கூடப் போனாள். மருந்தும் பேச்சுமாக மாதங்கள் போயின. வீட்டில் பேப்பரை நிறுத்தினார்கள்.

காலேஜில் புது வருஷம் தொடங்கியபோது, கடைசிச் செக்‌ஷன் வேண்டும் என்று ஹம்சா கேட்டாள். பக்தவத்சலம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"கைக்கு, மேடம்? எதுக்கு? அங்க யாரும் பாஸ் பண்ணப்போறதில்ல."

"அதான் சார். அவசரம் இல்ல."

டெஸ்ட் மேல் அவளுக்குக் கோபமில்லை. யாருக்கு எவ்வளவு தெரியும் என்று ஏதாவது ஒரு வழியில் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இத்தனை வருஷமும் தான் கற்றுக்கொடுத்தது தெரிந்துகொள்வதையா, தெரியாததைத் தாண்டி ஓடுவதையா என்ற யோசனை அவளை விடவில்லை. வகுப்பில் தினம் ஒரு கேள்வியை விடைகள் கொடுக்காமல் கேட்க ஆரம்பித்தாள். பிள்ளைகள் திகைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முகத்திலும் அவள் பூர்ணாவைத் தேடினாள்.

ஜூலையில் தேவராஜுக்குப் போன் செய்தாள். பூர்ணா பிளஸ் டூவைத் தனியாக எழுதி முடித்து, பேகம்பேட்டில் ஒரு காலேஜில் பி.காம் சேர்ந்திருந்தாள். சிநேகிதிகள் உண்டு, சிரிக்கிறாளாம்.

"ரொம்ப சந்தோஷம். ஒருநாள் வந்து பாக்கட்டுமா?"

தேவராஜ் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க செஞ்சத மறக்கமாட்டோம், மேடம். ஆனா உங்க குரல் கேட்டா அவளுக்கு இன்னும் கை நடுங்குது. போன தடவ நீங்க பேசினத ஸ்பீக்கர்ல போட்டப்ப பாத்தேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லீங்க. சரிதான்" என்றாள் ஹம்சா.

மணி அடித்தது. வகுப்புக்குப் போய்ப் பாடத்தைத் தொடங்கினாள். அவளுக்கே கேட்காத அளவு மெல்லப் பேசினாள். கடைசி வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"மேடம், வினபடட்லேது."

கேட்கவில்லையாம். ஹம்சா தண்ணீர் குடித்தாள், பாட்டிலை மூடினாள், பிறகு கொஞ்சம் உரக்கப் பேசினாள்.