அட்டைக் கட்டங்களுக்கு வெளியே

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நானும் அதைத் தேடவில்லை. ஆனாலும் எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு ஸ்டுடியோ வைத்து, வாசலில் ‘ஒளி நிபுணர்’ என்று போர்டு மாட்டியிருந்தேன். அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்தவர் போர்டு எழுதினவர். எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

என் ஒளி என்பது ஒரு தேயிலைப் பெட்டி. ஹார்பர் பக்கம் வாங்கியது. உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும். அதில் ஐந்நூறு வாட்ஸ் பல்பைப் போட்டு, பெட்டியின் வாயில் வெள்ளை மல்துணியைக் கட்டினால் எதிரே நிற்பவர் முகத்தில் வெளிச்சம் பூப்போல விழும். ஆனால் பின்னால் தொங்கும் திரையிலும் விழும். திரையில் வரைந்திருந்த அரண்மனையில் மழை ஒழுகி, மாடியிலிருந்து யாரோ ஒன்றுக்குப் போன மாதிரி கறை.

அதற்கு ஒரு வழி கண்டேன். கப்பலில் பாட்டில் வரும் பெட்டிக்குள், பாட்டில்கள் முட்டிக்கொள்ளாமல் இருக்கக் கட்டம் கட்டமாக அட்டை செருகியிருப்பார்கள். அதற்குக் கறுப்பு மை பூசி மல்துணிக்கு முன்னால் மாட்டினேன். வெளிச்சம் பக்கத்தில் சிதறாமல் நேராகப் போனது. நடுவில் நிற்பவர் பளிச்சென்று தெரிய, அரண்மனை கறையோடு இருட்டுக்குள் ஒளிந்துகொண்டது. அட்டை சூடேறி வாடை வரும். “யாரு அண்ணாச்சி அப்பளம் சுடுதா?” என்று கேட்பார்கள். தொழில் ரகசியம் என்பேன். அதற்குப் பிறகு யார் வந்தாலும் கட்டம்தான்.

அப்போதுதான் கப்பலில் வேலை கிடைத்த ஒருவன் புதுப் பெண்டாட்டியோடும் அம்மாவோடும் வந்தான். கல்யாணமாகி ஒன்பது நாள். கப்பலுக்குக் கொண்டுபோக மூன்று பேரும் சேர்ந்த படம் வேண்டும். அம்மா கணவனை இழந்தவர். புது ஜோடி நிற்கும் படம் என்பதால் யாரும் சொல்லாமலே ஓரத்தில் போய் நின்றுகொண்டார்.

“யம்மா, இங்கன வா,” என்று மகன் கூப்பிட்டான். அவரும் ஒரு எட்டு உள்ளே வந்தார்.

நான் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தேன். ஜோடி மீது வெளிச்சம் அளவெடுத்த மாதிரி விழுந்திருந்தது. குறுக்கே வந்த வெள்ளைச் சேலை எனக்கு இடைஞ்சலாகப் பட்டது.

“அங்கனயே நில்லுங்கம்மா,” என்றேன். “வெளிச்சம் படாத எடத்துல நின்னா வயசு தெரியாதுல்லா.”

மருமகள் சிரித்தாள். அம்மாவும் சிரித்துக்கொண்டே பழைய இடத்துக்குப் போனார். அது இருட்டு என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்தேன்.

படத்தை வாங்கிப்போனவன் மறுநாள் காலையிலேயே திரும்பி வந்தான்.

“அண்ணாச்சி, இதுல எங்கம்மைய எங்க?”

நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துத் தேடினேன். ஒரு மூலையில் சேலை முனை நூலாகத் தெரிந்தது. மற்றபடி ஒன்றுமில்லை. நெகட்டிவில் இல்லாததை எந்த நிபுணரும் கழுவி எடுக்க முடியாது.

“பாக்குறவுக கண்ணு படாதுல்லா,” என்றேன். வாய் சும்மா இருக்கவில்லை.

அவன் சிரிக்கவில்லை. “நாளைக்குக் கப்பல் ஏறுதேன். எங்கம்மைக்கு நெஞ்சு வலி. திரும்பி வரும்போது இருப்பாளோ என்னமோ. நீரு வெளையாடுதீரு.”

அட்டையைப் பிய்த்து எறிந்தேன். அவனோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்ட அம்மாவை உள்ளே கூப்பிட்டு நாற்காலியை நடுவில் போட்டேன். அவர் உட்கார மாட்டேன் என்றுவிட்டார்.

“நா ஓரமாவே நிக்கேன் தம்பி. அதான் பழக்கம்.”

“அப்பம் நானும் ஓரத்துலயே நிக்கேன்,” என்று மகன் போய் அவர் தோளோடு ஒட்டி நின்றான்.

பெட்டியை அவர்கள் பக்கம் திருப்பினேன். நடுவில் காலி நாற்காலி. பின்னால் அரண்மனை தன் கறையெல்லாம் காட்டிக்கொண்டு நின்றது. ஓரத்தில் இரண்டு பேர் மீதும் நல்ல வெளிச்சம்.

துணிக்குள் தலையை விட்டேன். அப்போது அம்மா கேட்டார், குத்திக்காட்டுகிற குரலே இல்லாமல்.

“இப்பம் வயசு தெரியுமா தம்பி?”

படம் எடுத்து முடித்தும் நான் துணிக்குள்ளேயே இருந்தேன். வெளியே வந்தால் அந்த வெளிச்சத்தில் என் முகமும் தெரியும்.