மேற்குப் பாதிக்கு ஓலை

செங்கல் என்ற ஊரில் காந்திமதிநாத பிள்ளையின் வீடு எது என்று கேட்டால் யாரும் சற்று யோசிப்பார்கள். எஸ்டிமேட் பிள்ளை வீடு என்று கேட்டால் உடனே கை காட்டுவார்கள்.

மராமத்து இலாகாவில் இருபத்தெட்டு வருஷம் ஓவர்சியராக இருந்தவர் அவர். பள்ளிக்கூடம், அஞ்சலாபீஸ், சத்திரம், எதுவானாலும் கூரை மாற்ற வேண்டுமென்றால் அவரைத்தான் அனுப்புவார்கள். சாய்வில் நிற்கும் கழுக்கோல் எத்தனை, குறுக்கே அடிக்கும் பட்டியல் எத்தனை, ஓடு எத்தனை, வண்டியில் உடைகிற ஓட்டுக்குச் சேர்த்து எத்தனை என்று எழுதிக் கொடுப்பார். வேலை முடிந்தபின் மிஞ்சுகிற ஓடுகள் இரண்டு கை விரல்களுக்குள் அடங்கும். அந்தக் கூரைகளில் ஒன்றின் கீழும் அவர் ஒரு மழைக்காலம் முழுவதும் இருந்ததில்லை. வேலை முடிந்த மறுநாள் பெட்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். இரண்டு இடத்தில் பெண் பேசினார்கள். இரண்டு முறையும் மாற்றல் உத்தரவு முந்திக்கொண்டது. மூன்றாவது முறை யாரும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து எண்பத்து நாலில் வேலையிலிருந்து விலகி ஊருக்கு வந்தபோது, ஏழு பேர் இருந்த வீட்டில் அவர் ஒருவர்தான் இருந்தார். அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம். தங்கை கோமளவல்லி நாகர்கோவிலில் வாழ்க்கைப்பட்டவள், வருஷத்துக்கு ஒரு கடிதம் எழுதுவாள். கிழக்கும் மேற்குமாக வரிசையில் நாலு அறை, நடுவில் கனத்த ஒரு சுவர், மேலே தென்னோலைக் கூரை. கிழக்கே இரண்டு அறைகளைத் திறந்தார். மேற்கே இரண்டும் பூட்டியே கிடந்தன.

அடுத்த கும்ப மாதத்தில், மாசி வெயிலில், கூரைக்கு ஓலை மேய அக்கம்பக்கத்தார் வந்தார்கள். அது அங்கே வருஷாவருஷம் வழக்கம். இன்று உன் வீடு, நாளை என் வீடு. கூலி கிடையாது, வீட்டுக்காரர் வயிறு நிறையச் சோறு போட வேண்டும். பிள்ளைக்கு இந்த வழக்கம் மறந்துபோயிருந்தது. அன்று அளவுப் புத்தகத்தோடு கீழே நின்றார். யார் எத்தனை கோல் நீளம் மேய்ந்தார் என்று பெயருக்கு நேரே குறித்தார். வேலை முடிந்ததும், அளந்தபடி கூலியை ஒவ்வொருவர் கையிலும் வைத்தார். சோற்றைப் பற்றி அவர் நினைக்கவேயில்லை. வாங்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை அந்தச் சக்கரக் காசுகள் அத்தனையும் வேலிக்கல் மேல் வரிசையாக இருந்தன.

மறு வருஷம் கும்பத்தில் யாரும் வரவில்லை. இடவ மாதத்தில் மழை வீட்டுக்குள் பெய்தது. கட்டிலை ஐந்து இடத்துக்கு மாற்றிப் பார்த்தார்.

ஓடு போட்டுவிட்டால் முப்பது வருஷத்துக்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை என்று அவருக்குத் தோன்றியது. உட்கார்ந்து எஸ்டிமேட் போட்டார். ஒருவருக்கு இரண்டு அறை போதும். கிழக்குப் பாதிக்கு ஓடு, மேற்குப் பாதியை இடித்துவிடலாம். அந்த அளவுக்கு ஓடு சொல்லி அனுப்பினார். கொல்லத்திலிருந்து வள்ளப் படகில் வள்ளக்கடவுத் துறைக்கு வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் அது வந்து இறங்கியபோது அடுத்த வருஷம் மேட மாதம் பிறந்து இருபது நாளாகிவிட்டது.

மர வேலையைக் குத்தகை பேசியிருந்த வேலாயுதன் ஆசாரி, முழக்கோலோடு வீட்டைச் சுற்றி அளந்தார். குத்துக்காலிட்டு மணலில் குச்சியால் கணக்குப் போட்டார். அழித்தார். மறுபடியும் போட்டார்.

"பிள்ளைவாள், இந்தப் பாதிய மட்டும் நிறுத்தினா மனைக்கணக்குல சுற்றளவு மரணத்துல விழுது."

"சுவருக்கு என்ன ஆசாரி, சாவும் பிறப்பும்?"

"வீட்டுக்கு வயசு உண்டு. பாலியம், கௌமாரம், யௌவனம், வார்த்தக்கியம், மரணம். கடைசியிலயாக்கும் வந்து நிக்குது. நான் உளி வெக்க மாட்டேன்."

"எத்தனை சர்க்கார் கச்சேரிக் கட்டடத்தை வெட்டிக் குறைச்சிருக்கேன் தெரியுமா?"

"கச்சேரியில ஏமான்மாரு சாயங்காலம் வீட்டுக்குப் போயிருவாவ. இஞ்ச நீங்கதானே கெடக்கணும்?"

"சரி, சுற்றளவை நாலு விரல் நீட்டிப் போடு."

"நீட்டலாம். நடுச்சுவர இடிச்சு வேற கெட்டணும். எடவப்பாதி மழைக்கு இன்னும் எத்தன நாளு இருக்கு? மழை வந்து ஒங்க கட்டில்ல படுக்கும். நீங்க எஞ்ச படுப்பிய?"

பிள்ளை பாறசாலைக்கு நடந்துபோய் இன்னொரு ஆசாரியிடம் கேட்டார். அவர் மணலில் கணக்குப் போட்டு அதே பதிலைச் சொன்னார். மேற்குப் பாதிக்கும் ஓடு வரவழைப்பதென்றால் மழைக்கு முன் வந்து சேராது. வீடு முழுசாக நிற்க வேண்டும். நிற்பதற்கு மேற்கே ஓலை வேண்டும். ஓலைக்கு ஆள் வேண்டும். ஆளுக்குத்தான் அவரிடம் வழியில்லை.

ஓடு போடும் வேலை எட்டு நாள் நடந்தது. எஸ்டிமேட்டில் பிழையில்லை, ஆறு ஓடு மிஞ்சியது. பிள்ளை அந்த ஆறையும் சுவரோரம் அடுக்கிவைத்துவிட்டு, ஓலை முடைகிற ஞானபாயின் வேலிக்கு வெளியே போய் நின்றார். கூலி கொடுத்த அந்த வருஷம் மேய வந்தவர்களில் பாதிப்பேர் ஞானபாயின் சொந்தக்காரர்கள். அவளுக்கு அறுபது வயதிருக்கும்.

"ஏமானா? அளவுப் புத்தகத்தக் காணலியே?"

"கொண்டுவரலை."

"அண்ணைக்கு எங்க ஆளுவ சோத்துக்காக்கும் வந்தாவ. காசு வேணும்னா ரோட்டு வேலைக்குப் போயிருக்க மாட்டாவளா?"

பிள்ளை வேலியின் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "முடைஞ்ச ஓலை வேணும். மேயவும் ஆள் வேணும். சோறு போடுதேன்."

"என்ன சோறு?"

"மரச்சீனிக் கிழங்கு, பயறு. சாயங்காலம் பாயசம்."

"மீன் இல்லாத மேச்சலா?" அவள் சிரித்துவிட்டாள். "செரி, சொல்லிப் பாக்கேன். வருவாவளா மாட்டாவளான்னு நான் சொல்ல ஒக்காது."

பிள்ளை வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டார். இலாகா விகிதப்படி அந்த நீளத்துக்கு எட்டு ஆள், ஒரு முழு நாள். யாரும் வராமலும் போகலாம், அதற்கு விகிதம் இல்லை. சமையலுக்கு ஒருவரைப் பிடித்து, மதியத்துக்கு ஆக்கிவைத்துவிட்டுப் போய், பாயசத்துக்கு மூன்று மணிக்குத் திரும்ப வரச் சொன்னார்.

குறித்த நாள் விடியும்போதே வாசலில் நின்றார். முதலில் வேலாயுதன் ஆசாரி வந்தார். ஓடும் ஓலையும் சேருமிடத்தில் ஓலை ஒரு முழம் ஓட்டின்மேல் ஏறி நிற்க வேண்டும், அதைத் தானே பார்த்துக் கட்டுவதாகச் சொன்னார். பிறகு ஞானபாயின் கொழுந்தன் வேதமணி வந்தார். பிறகு இரண்டு பேர், பிறகு நாலு பேர், பின்னும் நாலு பேர். மொத்தம் பன்னிரண்டு. பிள்ளை எண்ணினார், ஆனால் எழுதவில்லை.

பூட்டிக் கிடந்த அறைகளைத் திறந்தார்கள். கூரை மேலிருந்து பழைய ஓலை சரிந்து விழுந்தது. மேலே பேச்சும் சிரிப்பும். "எலே, கயித்த இறுக்கிக் கெட்டு, ஒன் பெண்டாட்டி முடிஞ்ச கொண்டையா இது?" என்று ஒருவர் கேட்க, மற்றவர் சொன்ன பதிலைப் பிள்ளை கேட்காதவர்போல் நின்றார். அந்த வீட்டில் அவ்வளவு சத்தத்தை அவர் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

உச்சிக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. இலாகா விகிதத்தில் பேர் கூப்பிடுகிற நேரமும், மேஸ்திரி தலை மறைந்ததும் கூலிகள் உட்காருகிற நேரமும் சேர்ந்திருந்தன. இங்கே மேஸ்திரி இல்லை. பலா மரத்தடியில் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். மரச்சீனி நன்றாக வெந்திருக்கிறது என்றார்கள். கை கழுவினார்கள். துண்டை உதறித் தோளில் போட்டார்கள்.

"அப்ப வாறோம் ஏமானே."

முழு நாள் என்று எழுதி வைத்திருந்த பிள்ளைக்கு அரை நாள் மிஞ்சிவிட்டது. பாயசத்துக்கு ஆள் வர மூன்று மணியாகும். வேதமணி வாசல் படலைத் தாண்டப்போனார்.

"ஆசாரி," என்றார் பிள்ளை. குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. "அந்தத் தென்மேற்கு மூலையில வெட்டம் தெரியுது."

வேலாயுதன் ஆசாரி உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். மூலை கும்மென்று இருட்டாக இருந்தது, ஊசி முனை அளவுகூட வெளிச்சமில்லை. வெளியே வந்து பிள்ளையையும் மூட்டாத அடுப்பையும் பார்த்தார்.

"எலே வேதமணி, திரும்பி வா. ஏணியப் போடு. வெட்டம் உண்டு."

"நானாக்கும் அந்த மூலையக் கெட்டினேன். ஒரு பொட்டு வெட்டம் கெடையாது!"

"கண்ணுள்ளவனுக்குத் தெரியும். ஏறு."

முணுமுணுத்துக்கொண்டே நாலு பேர் ஏறினார்கள். மற்றவர்கள் பலா மரத்தடியில் திரும்ப உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தார்கள். பிள்ளை சமையற்காரரைத் தேடி ஓடினார். ஆள் அகப்படவில்லை. திரும்பி வந்து தானே அடுப்பை மூட்டினார். கேம்பில் கஞ்சி வைத்துப் பழகிய கைதான், பாயசம் பழக்கமில்லை.

"பிள்ளைவாள்," கூரை மேலிருந்து ஆசாரி கூப்பிட்டார். "அஞ்ச பாயசத்துக்கு எவ்வளவு நேரம் ஆவும்?"

"ஒரு மணி நேரம். கூடவும் ஆகலாம்."

"எலே, இந்த வரிசையையும் அவுத்துக் கெட்டு," என்றார் ஆசாரி.