நெருங்கிப் பழகியவர்கள்

காசநோய்ப் பரிசோதனைக்கு எக்ஸ்ரே வண்டி எங்கள் பனியன் கம்பெனிக்கு வந்த அன்று, செக்கிங் பகுதியில் எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போனதே நான்தான். "வாங்க புள்ளைங்களா, ஊசி கீசியெல்லாம் கெடையாது. சும்மா நின்னாப் போதும்" என்று சிரித்தபடி முதல் ஆளாக நின்றேன். இருமல் இருந்ததுதான். பஞ்சு பறக்கிற இடத்தில் யாருக்கு இருமல் இல்லை?

சில நாள் கழித்து ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். படத்தில் ஏதோ தெரிகிறதாம், சளியைப் பரிசோதிக்க வேண்டுமாம். அரசு ஆஸ்பத்திரியில் சின்ன டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து, வெளியே காற்றோட்டமான இடத்தில் போய் எடுத்துவரச் சொன்னார்கள். மதில் ஓரமாகத் திரும்பி நின்று காறித் துப்பினேன். ரோட்டில் யாராவது துப்பினால் முகத்தைச் சுளித்துக்கொண்டு விலகிப் போகிறவள் நான். டப்பாவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்து, "ஏனுங்க ஒளிக்கறீங்க? இங்க குடுங்க" என்றார் வாங்கிக்கொண்டவர். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

டிபிதான் என்று உறுதியானதை லோடு ஆட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "டைபாய்டுன்னு சொல்லிக்கலாம். சோமனூர்ல எங்க அக்கா ஊட்டுக்குத் தெரிஞ்சா ஊரே பேசும்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. மறுநாளே மகளைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு பேருமாகப் பரிசோதனை செய்துகொண்டு வந்தார். இருவருக்கும் ஒன்றுமில்லை. வீட்டில் என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தது அவரல்ல, நான்.

மாத்திரை ஆரம்பித்ததும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போக ஆரம்பித்தது. மருந்தின் நிறம்தான், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஆனால் எங்கள் லைன் வீட்டில் எல்லோருக்கும் பொதுக் கக்கூஸ். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். "ஏனுங்க்கா, தண்ணி வர்றதே எப்பவோ ஒருக்கா. இத்தன ஊத்தறீங்களே" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளர் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, "உங்ககூட நெருங்கிப் பழகறவங்க வேற யாராச்சும் இருக்கறாங்களா? சின்னக் கொழந்தைங்க?" என்று கேட்டார். இருந்தான். கம்பெனியில் என் பக்கத்து மேசையில் செக்கிங் வேலை செய்கிற பெண்ணின் பையன். அவள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது பையனை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போவாள். அவள் வருவதற்குள் என் தோளிலேயே தூங்கிவிடுவான். அவன் முதுகைத் தட்டிக்கொண்டே நான் இருமியிருக்கிறேன்.

மெதுவாகச் சொன்னேன். "நாங்களே பேசிக்கறோங்க. உங்க பேரச் சொல்ல மாட்டோம்" என்றார். "வேண்டாங்க, நானே சொல்லிடறேன்" என்றேன்.

அன்று சாயங்காலமே மாஸ்க் போட்டுக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"என்னக்கா, வெளியவே நிக்கீங்க? உள்ள வாங்க."

"இல்ல கண்ணு, இங்கயே நின்னுக்கறேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இடுப்பில் இருந்த பையன் என்னைப் பார்த்ததும் கையை நீட்டித் தாவினான். அவள் அவனை இழுத்து அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள்.

"எத்தன நாளா இருமுதீங்கக்கா?"

"ரெண்டு மாசமா."

"அப்பவே போய்ப் பாத்திருக்கலாம்லா?" என்றாள். "பச்சப் புள்ளல்லா இவன்."

அவள் கதவை அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை. சத்தமே வராமல் சாத்தினாள்.

பையனுக்கு நோய் தொற்றவில்லை. ஆனாலும் சின்னக் குழந்தை என்பதால், வராமல் தடுக்க மாதக்கணக்கில் தினமும் மாத்திரை கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீரில் கரைத்துப் புகட்டினால் துப்பினான். காலையில் என் போன் அடிக்கும். "இன்னைக்கும் கக்கிட்டான்க்கா" என்பாள், வைத்துவிடுவாள். மறுநாள், "இன்னைக்குக் குடிச்சிட்டான்." அவ்வளவுதான். வேறு பேச்சே இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருப்பேன். என்னால் ஒரு குழந்தை தினமும் அழுதுகொண்டு மருந்து குடிக்கிறான் என்பதைத் தினமும் கேட்பதுதான் எனக்குச் சரி என்று தோன்றியது.

இனி மற்றவர்களுக்குப் பரவாது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு கம்பெனிக்குப் போனேன். டைபாய்டு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அதிலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்று புரிந்தது. மத்தியானம் சுவரோரமாகத் தனியே உட்கார்ந்து டிபன்பாக்ஸைத் திறந்தேன். பையனின் அம்மா வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். முன்பெல்லாம் தருவதுபோல் தன் மீன் குழம்பை எனக்கு ஊற்றவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

ஆறு மாதச் சிகிச்சை முடிந்து, கடைசிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பையனோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவனுக்கும் மருந்து முடியப் போகிறதாம். கொஞ்சம் வளர்ந்திருந்தான். என்னை மறந்துபோய் அவள் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அவள் அவனைத் தூக்கி என் மடியில் வைக்க வந்தாள்.

"வேண்டாங் கண்ணு, கையெல்லாம் எண்ணெய்."

எண்ணெய் ஒன்றும் இல்லை. அவளுக்கும் அது தெரிந்தது.

"டாக்டரே சரியாயிட்டுன்னு சொல்லியாச்சு. பெறகு என்ன உங்களுக்கு?" என்று வைத்தேவிட்டாள்.

அவன் என் வளையலைப் பிடித்து இழுத்தான். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள்.

"மூச்ச விடுங்கக்கா" என்றாள்.

விட்டேன். ஆனாலும் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டுதான் விட்டேன்.