இருபது நிமிடம் கழித்துப் பாட வேண்டியவன்

நேற்று கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் ஒரு கல்யாண வீட்டில் பழைய ஸ்பீக்கர் பெட்டியைப் போட்டார்கள். சூடேறிய தூசியின் வாசனை வந்ததும் எனக்கு உள்ளங்கை வேர்த்தது.

யுத்த காலத்தில், பத்து வயதில், அந்த வாசனையோடு மேடையில் நின்றிருக்கிறேன். எங்கள் தெருச் சேவியர் அண்ணன் மூன்று கூட்டாளிகளோடு ராக் இசைக்குழு தொடங்கியிருந்தார். அவர்களிடம் இருந்தது ஒரே பாட்டு. முதல் இருபது நிமிடம் கிட்டாரும் ஓகன் கீபோர்டும் டிரம்ஸும்தான். அதற்குப் பிறகு நான் நான்கு வரி பாட வேண்டும். எனக்கோ வகுப்பில் பெயர் சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

முதல் கச்சேரிக்கு மாதா கோயில் மண்டபம் நிறைந்துவிட்டது. இசை நீள நீள நான் தப்பியோட வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டாவது நிமிடத்தில் பாதர் மேடையேறினார்.

"டவுன்ல பிரச்சினையாம், ஆறு மணிக்குக் கர்பியூ. கடைசி பஸ் நிக்குது, ஓடுங்க!"

"பாதர், இன்னும் ரெண்டே நிமிசம்!" என்று அண்ணன் கெஞ்சினார். டிரம்ஸ்காரர் அதற்குள் பஸ்ஸில் இடம் பிடித்திருந்தார்.

கண்டியிலேயே அன்று ஊரடங்குக்குச் சந்தோஷப்பட்டவன் நான் ஒருவன்தான்.

பஸ்ஸில் ஒரு அம்மா கேட்டார்: "எல்லாரும் வாசிச்சாங்க. நீ ஏன் தம்பி சும்மா நின்ன?"

"நான்தாங்க பாட்டுக்காரன்."

பயந்துபோயிருந்த பஸ்ஸே சிரித்தது. கிட்டாரைக் கட்டிக்கொண்டு முறைத்த அண்ணனும் சிரித்துவிட்டார். குழு அந்தச் சிரிப்போடு கலைந்தது.